கல்லூரி மாறும் விளையாட்டு வீரரை, கையெழுத்திட்ட ஒப்பந்தம் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும்?

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில்தான் பெரும்பாலான கல்லூரிகள் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான தேர்வுப் போட்டிகளை நடத்துகின்றன. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்துக்கு அது மிகவும் நெருக்கடியான காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் விசைப்படகுகள் கரையில் நிற்க, பல வீடுகளில் வருமானம் நின்றுபோகிறது. அந்த வேளையில், கபடியிலோ வாலிபாலிலோ பெயரெடுத்த பிள்ளைக்குக் கட்டணம் வேண்டாம், விடுதியும் சாப்பாடும் இலவசம், மாதந்தோறும் கைச்செலவுக்கும் பணம் தருகிறோம் என்று ஒரு கல்லூரி சொன்னால், நீட்டிய தாளை முழுவதும் படிக்காமலே அப்பாவும் பிள்ளையும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஓராண்டோ இரண்டாண்டோ கழித்துப் பயிற்சியாளர் மாறுகிறார். அல்லது காயம் பட்ட பிள்ளையை அணி கவனிப்பதில்லை. அல்லது வேறொரு கல்லூரி இதைவிட நல்ல வாய்ப்பைத் தருகிறது. விலக வேண்டும் என்று கேட்டவுடன், “இடையில் போனால் மூன்று லட்சம் கட்ட வேண்டும், கட்டினால்தான் டி.சி.” என்ற பதில் வருகிறது. அந்தத் தாளில் எந்த வரி சட்டப்படி நிற்கும், எது நிற்காது, விலக விரும்பும் வீரர் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீரரைக் கட்டிவைப்பது பெரும்பாலும் ஒப்பந்தத்தின் வாசகம் அல்ல, கல்லூரி அலுவலக அலமாரியில் இருக்கும் அசல் சான்றிதழ்களே. ஆகவே பணத் தகராறையும் சான்றிதழ்த் தகராறையும் தனித்தனியாகப் பிரித்து நடத்துவதுதான் முக்கியம்.

கையெழுத்திட்டபோது வயது என்ன?

ஒப்பந்தத்தை எடுத்தவுடன் பார்க்க வேண்டியது தேதியை. கையெழுத்திட்ட நாளில் பிள்ளைக்கு 18 வயது நிறையவில்லை என்றால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 11-ஆம் பிரிவின்படி அவருக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதியே இல்லை. இளவரின் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாதது என்பதை 1903-இல் மொஹோரி பீபி வழக்கில், அன்று இந்தியாவுக்கான உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் உறுதிசெய்தது. இன்றுவரை அதுவே சட்டம். பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் பிள்ளைகளில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும் என்பதால், இந்த ஒரு கேள்வியிலேயே பல தாள்கள் வலுவிழந்துவிடும். 18 நிறைந்த பிறகு பழைய ஒப்பந்தத்தை “ஏற்றுக்கொள்கிறேன்” என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாத ஒப்பந்தத்துக்கு உயிர் வராது. ஆனால் அந்த வயதில் புதிதாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அது வேறு விஷயம். இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் “வழக்கமான படிவம்தான்” என்று நீட்டப்படும் தாளை அதனால்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

பிள்ளைக்காகத் தந்தை கையெழுத்திட்டிருந்தால், அந்தக் கையெழுத்து பிள்ளையை இன்ன அணிக்கு விளையாடித்தான் ஆக வேண்டும் என்று கட்டாது. மகளுக்காகத் தந்தை செய்துகொண்ட திரைப்பட ஒப்பந்தம் ஒன்றில் பம்பாய் உயர்நீதிமன்றம் 1940-களின் இறுதியிலேயே இப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆயினும் “மாணவர் விலகினால் தொகையை நானே செலுத்துவேன்” என்று அப்பாவோ வாப்பாவோ தம் பெயரில் தனிப் பொறுப்பு ஏற்று எழுதியிருந்தால், கல்லூரி அவர்மேல் நேரடியாக வழக்குத் தொடுக்க இடமுண்டு. பெற்றோர் சாட்சியாகக் கையெழுத்திட்டார்களா, ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டார்களா என்பதைத் தாளைப் பார்த்துத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

முத்திரைத்தாளில் எழுதவில்லை, ஆகவே செல்லாது என்று ஊரில் சிலர் தைரியம் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். முத்திரைத் தீர்வை குறைவாக இருந்தால், தீர்வையையும் அபராதத்தையும் செலுத்தி அந்த ஆவணத்தைச் சாட்சியத்தில் சேர்க்க முடியும். வெள்ளைத்தாளில் எழுதியதும் ஒப்பந்தமே.

“போகக் கூடாது” என்ற வரியும் “பணம் கட்டு” என்ற வரியும்

இந்த ஒப்பந்தங்களில் மூன்று விதமான நிபந்தனைகள் கலந்து கிடக்கும். மூன்று ஆண்டும் இந்தக் கல்லூரிக்கே விளையாட வேண்டும் என்பது ஒன்று. விலகிய பிறகு இத்தனை ஆண்டு வேறு கல்லூரிக்கு விளையாடக் கூடாது என்பது இன்னொன்று. விலகினால் இன்ன தொகை கட்ட வேண்டும் என்பது மூன்றாவது.

முதலாவதை நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றச் சொல்ல முடியாது. ஒருவரின் தனிப்பட்ட திறமையைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றும்படி ஆணையிட ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 1963-இன் 14-ஆம் பிரிவு தடையாக நிற்கிறது. ஒரு கபடி ரைடரைப் பாடிப் போகச் சொல்லி எந்த நீதிபதியும் உத்தரவிட மாட்டார். இரண்டாவதைப் பொறுத்தவரை, ஒருவரின் சட்டபூர்வமான தொழிலைத் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய முன்னாள் மேலாண்மை நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரரைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை இந்தப் பிரிவின்கீழ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தக் காலத்துக்குள் இருக்கும் கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் இவ்வளவு கடுமையாகப் பார்ப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். படிக்கும்போதே ரகசியமாக வேறு கல்லூரிச் சட்டையில் களமிறங்குவதற்கு இந்தத் தீர்ப்பு துணை வராது.

உண்மையான சண்டை மூன்றாவதில்தான். இங்கே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவைச் சரியாகப் புரிந்துகொண்டால் பயமும் குறையும், அசட்டுத் துணிச்சலும் குறையும். ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தால், மீறியவர் அந்தத் தொகையை அப்படியே கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீடு என்றுதான் சொல்கிறது. எழுதப்பட்ட தொகை உச்சவரம்பு. 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலும் 2015-இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. இழப்பு ஏற்பட்டிருக்க வேண்டும். கணக்கிட்டு நிரூபிக்கக்கூடிய இழப்பு என்றால் நிரூபிக்க வேண்டும். நிரூபிப்பது கடினமான இடத்தில் மட்டும், முன்கூட்டி நேர்மையாக மதிப்பிட்ட தொகை என்றால் அதையே தரலாம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தங்கச்சிமடத்துக் கபடி வீரர் ஒருவர் ஓராண்டு படித்துவிட்டு விலகுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது 3,00,000 ரூபாய். அந்த ஓராண்டில் கல்லூரி தள்ளுபடி செய்த கட்டணம் 45,000, விடுதியும் உணவும் 60,000, காலணி, சீருடை, போட்டிப் பயணம் 15,000, மாதம் 2,000 வீதம் பத்து மாதக் கைச்செலவு 20,000, மொத்தம் 1,40,000. இதுவே முழுதாகத் திரும்பக் கேட்கத்தக்க தொகை என்றும் ஆகிவிடாது. போட்டிப் பயணம் கல்லூரி தன் பெயருக்காகச் செய்த செலவு. அந்த இடம் வேறு மாணவரால் நிரம்பியிருக்குமா, நிரம்பாமல் காலியாகத்தான் இருந்திருக்குமா என்பதைப் பொறுத்தே கட்டணத் தள்ளுபடி இழப்பாகுமா என்பது தெரியும். அந்த ஓராண்டு முழுவதும் வீரர் அணிக்காக ஆடிக் கொடுத்திருக்கிறார். அதற்கும் மதிப்பு உண்டு. இப்படி ஒவ்வொரு இனமாகக் கேள்வி கேட்டால் மூன்று லட்சம் வெகுவாகக் கரையும். ஆனால் பூஜ்யம் ஆகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம், மூன்றாண்டு பணியாற்றாமல் விலகிய அதிகாரி 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அது பொதுத்துறை ஊழியர் பற்றிய வழக்கு, மாணவர் பற்றியதன்று. ஆயினும் “பாண்டு (இத்தகைய ஒப்பந்தம்) எதுவுமே செல்லாது” என்று எவராவது சொன்னால், கல்லூரியின் வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தத் தீர்ப்பாகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் இதே தகராறு பெருந்தொகையில் நடக்கிறது. அங்கே 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூன் 6-இல் நீதிபதி கிளாடியா வில்கன் அங்கீகரித்த சமரசத்துக்குப் பிறகு, ஒவ்வொரு கல்லூரியும் 2025-26-இல் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம் என்றாயிற்று. வீரர்கள் எளிதாகக் கல்லூரி மாறுவதால், விலகினால் பணம் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனைகள் பெருகின. மிசௌரி பல்கலைக்கழகத்துக்கு மாறிய ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரரிடம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அமைப்பு 3,90,000 டாலர் கேட்டு 2025-இல் நடவடிக்கையில் இறங்கியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகமோ, தன் வீரரை இழுத்துக்கொண்டதாக மயாமி பல்கலைக்கழகத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. அங்கே நியாயமான முன்மதிப்பீடு என்றால் தொகை முழுதும் செல்லும், தண்டனைத் தொகை என்றால் செல்லாது என்று இரண்டாகப் பிரிப்பார்கள். நம் 74-ஆம் பிரிவு அந்தப் பிரிவினையை ஒதுக்கிவிட்டு, இரண்டுக்கும் நியாயமான இழப்பீடு என்ற ஒரே அளவுகோலை வைத்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இது சாதகமான ஏற்பாடு என்றே கருதுகிறேன். அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துவிட்டு அந்த விதிகள் இங்கும் பொருந்தும் என்று எவரும் எண்ண வேண்டாம்.

சான்றிதழை மீட்பது தனி வேலை

பணம் தர வேண்டுமா, எவ்வளவு என்பது தீர ஆண்டுகள் ஆகலாம். சேர்க்கைக் கடைசி நாளோ சில வாரங்களில் வந்துவிடும். ஆகவே சான்றிதழுக்காகத் தனியே, உடனே செயல்பட வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ-யும் பொறியியல் கல்லூரிகளுக்கு இதையே சொல்கிறது. மாணவர் தொடர விரும்பாத படிப்புக்குக் கட்டணம் கேட்டு நெருக்குவதற்காக ஆவணத்தைத் தர மறுப்பது, யுஜிசியின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி முறையிடத்தக்க குறை. பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் பொது உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு வங்கியாளர் போன்ற சிலருக்கு மட்டுமே தருகிறது. கல்வி நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லை. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதன்மேல் இந்தப் பிடித்துவைக்கும் உரிமையை (பற்றுரிமை) கோர முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

விலகுவதை வாயால் சொல்லாதீர்கள். முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, கொடுக்கப்பட்டதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

“ஐயா, நான் தங்கள் கல்லூரியில் …… துறையில் …… ஆண்டு பயிலும் மாணவன். என் பதிவெண் ……. வரும் …… தேதி முதல் கல்லூரியிலிருந்து விலகுகிறேன். என் மாற்றுச் சான்றிதழையும், நான் ஒப்படைத்த அசல் ஆவணங்களையும், போட்டிகளில் பங்கேற்றதற்கான சான்றிதழ்களையும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான் செலுத்த வேண்டிய தொகை ஏதேனும் இருப்பதாகக் கல்லூரி கருதினால், அதன் விவரத்தை இனவாரியாக, ரசீது நகல்களுடன் எழுத்தில் தரக் கோருகிறேன். இக்கடிதத்தின் மூலம் எந்தத் தொகையையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தப் பணத்துக்கு வழக்குத் தொடுக்கக் காலவரம்பு மூன்று ஆண்டுகள். கடனை ஒப்புக்கொண்டு நீங்கள் எழுதிக் கையெழுத்திடும் ஒரு வரி, அந்த மூன்று ஆண்டைப் புதிதாகத் தொடங்கிவைத்துவிடும். “சார், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், கட்டிவிடுகிறேன்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதையும் உங்களுக்கு எதிரான சாட்சியமாகக் காட்டுவார்கள்.

பதில் வரவில்லை என்றால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்கு மனு கொடுங்கள். 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தருவது முறை. முடிவு பாதகமாக வந்தால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குக் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். வெளியூர்க் கல்லூரி என்றால் அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம் எது என்று பாருங்கள். யுஜிசியின் இ-சமாதான் இணையவாயிலிலும் புகாரைப் பதிவுசெய்யலாம். சேர்க்கை நாள் நெருங்கிவிட்டால் இந்தப் படிகள் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். சான்றிதழைத் தரச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்யலாம். நம் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை.

விளையாட்டு வீரருக்கு டி.சி.யைப் போலவே முக்கியமான இன்னொரு தாள் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு கேட்கும்போது, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்குப் படிவம் 3 தேவை. அதில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். கல்லூரியோடு மனக்கசப்பு முற்றிய பிறகு அதற்காக அலைவது பெரும்பாடு. ஒவ்வொரு போட்டி முடிந்ததும், நல்லுறவு இருக்கும்போதே, பி.டி. சாரிடம் சொல்லி அதை வாங்கி வைத்துவிடுங்கள். புதிய பல்கலைக்கழகத்தின் அணியில் முதலாண்டிலேயே ஆடத் தகுதி உண்டா என்பதையும், அங்குள்ள உடற்கல்வி இயக்குநரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே பழைய கல்லூரிக்கு விலகல் கடிதம் கொடுங்கள்.

காசோலை கொடுத்திருந்தால்

ஒப்பந்தத்தோடு தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எல்லாவற்றிலும் இதுவே ஆபத்தானது. மனமுவந்து கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் மற்றவர் தொகையை நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகத் தரப்பட்டது என்ற அனுமானம் எழும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பீர் சிங் வழக்கில் கூறிவிட்டது. கொடுக்காமல் இருப்பதே நல்லது. கொடுத்தாகிவிட்டது என்றால், அது எதற்காகத் தரப்பட்டது, எண் என்ன என்று குறிப்பிட்டு, திருப்பித் தரச் சொல்லி விலகல் கடிதத்திலேயே எழுதுங்கள். காசோலை திரும்பி, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு வந்தால், அதைப் பெற்ற 15 நாட்களுக்குள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்ப வேண்டும். அறிவிப்பை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் எந்த நன்மையும் இல்லை.

இனி கையெழுத்திடப் போகிறவர்களுக்கு

அங்கேயே கையெழுத்திடச் சொன்னால், ஒரு நாள் அவகாசம் கேட்டுத் தாளைப் படமெடுத்து வாருங்கள். தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்று பாருங்கள். முதலாண்டில் விலகினாலும் கடைசி மாதத்தில் விலகினாலும் ஒரே தொகை என்றால், அது நேர்மையான முன்மதிப்பீடு அல்ல என்று வாதிட வசதியாக இருக்கும், ஆனால் வாதமே எழாதபடி இப்போதே மாற்றச் சொல்வது மேல். காயத்தால் ஆட முடியாமல் போனால், கல்லூரி சொன்ன பணத்தைத் தராமல் போனால், பயிற்சியாளரே அணியிலிருந்து நீக்கினால் தொகை கட்ட வேண்டியதில்லை என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். விளம்பரப் பலகையில் வீரரின் படத்தைப் பயன்படுத்தும் உரிமை விலகும் நாளோடு முடிய வேண்டும். “சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்” என்ற வரி இருந்தால் தொண்டியில் இருக்கும் குடும்பம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னைக்கு ஓட வேண்டிவரும். தகராறைக் கல்லூரி நியமிக்கும் ஒரே நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தீர்ப்பார் என்ற வரியோ வலுவற்றது. வழக்கின் முடிவில் நலன் உடைய தரப்பு தானே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

அழைக்கும் புதிய கல்லூரி “பழைய இடத்துக் கணக்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொன்னால், அதைக் கல்லூரியின் கடிதத் தாளில், தொகையோடு எழுதி வாங்குங்கள். பயிற்சியாளர் தொலைபேசியில் சொன்ன வார்த்தையை வைத்து, பிறகு நிர்வாகத்திடம் எதையும் கேட்க முடியாது. அசல் சான்றிதழ்களை அங்கேயும் சரிபார்ப்புக்குக் காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வழக்கறிஞர் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை நியமித்துத் தரும். பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இதைக் கேட்கலாம், மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் உதவி கேட்கலாம். போகும்போது ஒப்பந்தத்தின் நகல், பிறந்த தேதிக்கான சான்று, வங்கிக் கணக்கு விவரம், கல்லூரியிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்திகள் இருக்கும் அதே கைபேசி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் பாரதிய சாட்சிய அதினியம் 2023-இன் 63-ஆம் பிரிவின்படி சான்று தயாரிக்க வழக்கறிஞருக்கு அந்தக் கைபேசியின் விவரங்கள் வேண்டியிருக்கும்.